பாம்புக்கு என்னம்மா வரையறது?

போன மாதம் ஒரு சின்ன வேலை வந்தது. குழந்தைகளுக்கான அட்டை விளையாட்டு. ஒரு அட்டையில் விலங்கு, இன்னொரு அட்டையில் அதன் வீடு, இரண்டையும் பொருத்த வேண்டும். மொத்தம் 36 ஜோடி. பட்டியல் ஆங்கிலத்தில் தயாராக இருக்கிறது, தமிழில் மாற்றிக் கொடுத்தால் போதும் என்றார் பதிப்பகத்துத் தம்பி. "அரை நாள் வேலைதான்க்கா." நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்பது நாள் ஆயிற்று.

எக்செல் கோப்பைத் திறந்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. ஆங்கிலத்தில் பல விலங்குகளுக்குத் தனித்தனியாக வீட்டுப் பெயர் உண்டு. நீர்நாய்க்கு ஹோல்ட். வளை தோண்டி வாழ்கிற பேட்ஜருக்கு செட். அணிலுக்கு ட்ரே. காட்டு முயலுக்கு ஃபார்ம். ஆற்றில் அணை கட்டுகிற பீவருக்கு லாட்ஜ். இதையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் ஏதோ அலுவலகத்துக்குச் சாமான் வாங்கப் போட்ட பட்டியல் மாதிரி இருக்கிறது. எனக்கு முன்னால் யாரோ இதைக் கணினியில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறார்கள் போல. பக்கத்துப் பத்தியில் 'முயல் – படிவம்', 'பீவர் – தங்கும் விடுதி' என்று சாம்பல் நிற எழுத்தில் அப்படியே கிடந்தது. அழிக்க மனசே வரவில்லை.

சரி என்று உட்கார்ந்தேன். முதல் இருபது வரி கடகடவென்று ஓடிவிட்டது. குருவிக்குக் கூடு, எலிக்கு வளை, மாட்டுக்குத் தொழுவம், ஆட்டுக்குப் பட்டி, குதிரைக்கு லாயம், சிலந்திக்கு வலை, கறையானுக்குப் புற்று, பாம்புக்குப் புற்று, சிங்கத்துக்குக் குகை, கிளிக்குக் கூண்டு. சின்ன வயதில் மனப்பாடம் செய்தது, கை தானாகவே எழுதியது. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் படம் வரைகிற அண்ணன் கூப்பிட்டார். அதிகம் பேசமாட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"பாம்புக்கு என்னம்மா வரையறது?"

"புற்றுதான் அண்ணே."

"கறையானுக்கு?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"அதுவும் புத்து. ரெண்டு அட்டைக்கு ஒரே படம் போட்டா பிள்ளைங்க எதை எதோட சேர்க்கும்?"

மொழிபெயர்க்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். வரைகிறவருக்குத்தான் கதவு எங்கே, உள்ளே யார், பக்கத்தில் என்ன என்றெல்லாம் தெரிய வேண்டியிருக்கிறது. அடுத்த ஒரு வாரம் அவர் கேட்ட கேள்விகள்தான் இந்தப் பதிவு.

பாம்புக்கும் புற்றுக்கும் என்ன உறவு என்பதைப் பழமொழியே சொல்லிவிட்டது: கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்ததாம். நாள்தோறும் வாயில் வருகிற பழமொழி, அட்டையில் எழுதும்போது மட்டும் எப்படி மறந்ததோ. நாகத்துக்கு மண் தோண்டவும் தெரியாது, எச்சில் குழைத்துப் பூசவும் தெரியாது. கறையான் கைவிட்ட புற்றில் நிழல் இருக்கிறது, சில சமயம் எலியும் இருக்கிறது, போய்ப் படுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. பாம்புகளில் சொந்தமாக ஒன்றைக் கட்டிக்கொள்வது ராஜநாகம். பெண் பாம்பு உடலை வளைத்து வளைத்துச் சருகுகளைக் கூட்டிக் குவித்து, அதற்குள் முட்டையிட்டு, மேலேயே காவலுக்குப் படுத்திருக்கும். அப்படிப் பார்த்தால் பாம்புக்குப் புற்று கிடையாது, ஒரே ஒரு பாம்புக்குக் கூடு உண்டு. இதை அண்ணனிடம் சொன்னேன். "சருகுக் குவியல் வரையறது சுலபம்" என்றார். பாம்பு அட்டை ராஜநாகம் அட்டையாக மாறியது.

புற்று அட்டையும் அவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. புற்றுக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். அரை நாள் படித்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மண்கோபுரத்தில் கறையான்கள் மாடி மாடியாகக் குடியிருப்பதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பல வகைகளில் குடித்தனம் பெரும்பாலும் கீழே, தரைமட்டத்தை ஒட்டியோ தரைக்கு அடியிலோதான் நடக்கிறது. ராணி அங்கே, குஞ்சுகள் அங்கே, மரத்தூளை மென்று போட்டு வளர்க்கிற பூஞ்சைத் தோட்டமும் அங்கே. மேலே உள்ள கோபுரத்தின் வேலை காற்று. பகலில் வெளிச்சுவர் சீக்கிரம் சூடாகும், நடுப்பகுதி சூடாக நேரம் எடுக்கும். இரவில் இது தலைகீழ். இந்த வித்தியாசத்தால் உள்ளே காற்று ஒரு நாளில் இரண்டு விதமாகச் சுழன்று, கெட்ட காற்று வெளியே போகிறது. 2015இல் புற்றுக்குள் கருவிகளை நுழைத்து அளந்து சொன்னார்கள். அதாவது நாம் புற்று என்று காட்டுவது வீட்டை இல்லை, வீட்டின் நுரையீரலை.

இன்னொன்று இதைவிட மோசம். பிரேசிலின் வடகிழக்கில் சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில் கிட்டத்தட்ட 20 கோடி மண்மேடுகள் இருக்கின்றன. 2018இல்தான் உலகம் கவனித்தது. சில மேடுகளுக்கு ஏறக்குறைய 4000 வயது. எல்லாம் கறையான் வேலைதான், ஆனால் ஒரு மேட்டில்கூடக் கறையான் குடியில்லை. கீழே சுரங்கம் தோண்டும்போது வந்த மண்ணை மேலே கொண்டுவந்து கொட்டியிருக்கிறது, அவ்வளவே. கிணறு வெட்டினவன் கரையில் போட்ட மண்ணைக் காட்டி இதுதான் அவன் வீடு என்று சொன்ன மாதிரி.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, பெயர்ப் பத்திக்குப் பக்கத்தில் சும்மா வினைச்சொல்லையும் எழுதிக்கொண்டு வந்தேன். குருவி கூடு கட்டும். எலி வளை தோண்டும். கறையான் புற்றெடுக்கும். சிலந்தி வலை பின்னும். தேனீ அடை வைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வினை. மாற்றிச் சொல்ல முடியாது, எலி வளை கட்டும் என்றால் காதில் இடறும். அடுத்து பொந்து வந்தது, குகை வந்தது. கிளி பொந்தை என்ன செய்யும்? ஆந்தை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. பொந்தில் இருக்கும், ஒண்டும், முட்டையிடும். கட்டினவருக்கு ஒரு வினை, குடிவந்தவருக்கு வேறு வினை. பெயரை மட்டும் பார்த்தால் எல்லாரும் வீட்டுக்காரர் மாதிரித் தெரியும். வினையைப் பார்த்தால்தான் யார் சொந்தக்காரர், யார் வாடகை என்பது தெரியும். (மரங்கொத்தி விதிவிலக்கு. அது பொந்தைக் கொத்தி எடுக்கும். அடுத்த வருஷம் பெரும்பாலும் வேறு பொந்து கொத்தப் போய்விடும், விட்டுப்போன பொந்துக்குக் கிளியும் மைனாவும் அடித்துக்கொள்ளும்.)

அப்புறம் தொழுவம், பட்டி, லாயம். இங்கே வினையைத் தேடினால் ஆளே மாறிவிடுகிறது. மாட்டைத் தொழுவத்தில் கட்டுகிறோம். ஆட்டைப் பட்டியில் அடைக்கிறோம். குதிரையை லாயத்தில் நிறுத்துகிறோம். மாடும் ஆடும் குதிரையும் இந்த வாக்கியங்களில் 'ஐ' உருபு வாங்கிக்கொண்டு சும்மா நிற்கின்றன. கட்டினதும் நாம், அடைத்ததும் நாம், சாவியும் நம்மிடம்.

இதைத் தம்பியிடம் சொன்னபோது "அக்கா, ஆறு வயசுப் பிள்ளைகளுக்கான அட்டை அது" என்றார். நியாயம்தான். ஆனால் கிளி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணனும் என் பக்கம். கூட்டுக்கும் கூண்டுக்கும் எழுத்தில் கொஞ்சம்தான் வித்தியாசம், கிளிக்கு அது வாழ்நாள் வித்தியாசம். கூண்டை எடுத்துவிட்டு மரப்பொந்து வரைந்தார். பொந்துக்குள் ஒரு சிவப்பு மூக்கு மட்டும் தெரியும்.

சிலந்தி விஷயத்தில் தமிழே நேர்மையாக இருக்கிறது. வலை என்றுதான் சொல்கிறோம், வீடு என்று சொல்லவில்லை. அட்டை போட்டவர்கள்தான் அதை வீட்டுப் பத்தியில் வைத்தார்கள். மீன்பிடிக்கிறவரின் வலையைக் காட்டி அவர் எங்கே தூங்குவார் என்று கேட்டால் என்ன அர்த்தம். வட்டமாகப் பின்னுகிற சிலந்திகளில் பல, பழைய வலையைத் தானே தின்றுவிட்டு மறுபடி புதிதாகப் பின்னும். நூலில் உள்ள புரதம் வீணாகக் கூடாதல்லவா. எங்கள் வீட்டு மூலையில் தொங்குகிற ஒட்டடை வேறு கதை, அதில் சிலந்தியின் சோம்பலைவிட என் சோம்பல்தான் அதிகம்.

நத்தை, ஆமை இரண்டையும் நானே நீக்கச் சொல்லிவிட்டேன். ஓடு உடம்பின் பகுதி. நம் மண்டையோட்டை நம் வீடு என்று யாரும் சொல்வதில்லை. அவற்றுக்குப் பதிலாகத் துறவி நண்டைப் போட்டோம். பின்னுடம்பு மெத்தென்று இருப்பதால் காலிச் சங்குக்குள் புகுந்துகொண்டு, உடம்பு வளர வளரப் பெரிய சங்கு தேடி அலையும். பெரிய சங்கு ஒன்று கரையில் ஒதுங்கினால், சில வகை நண்டுகள் அளவு வாரியாக வரிசையில் நின்று, முதல் நண்டு மாறினதும் அதன் பழைய சங்குக்கு இரண்டாவது, அதன் சங்குக்கு மூன்றாவது என்று ஒரே மூச்சில் குடிமாறும். துறவி என்று பெயர் வைத்தவர் இந்த வரிசையைப் பார்த்திருக்கமாட்டார்.

சிங்கம். இங்கேதான் தம்பிக்கும் எனக்கும் கொஞ்சம் மனத்தாங்கல். சிங்கம் – குகை என்பதை மாற்றினால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்றார். நான் சொன்னேன், சிங்கம் வாழ்வது பெரும்பாலும் புல்வெளியிலும் புதர்க்காட்டிலும். நாளில் பெரும்பகுதி நிழலில் படுத்துக் கிடக்கும். குட்டி போடுகிற காலத்தில் மட்டும் பெண்சிங்கம் கூட்டத்தைவிட்டு விலகி ஏதாவது அடர்ந்த மறைவில் ஒதுங்கும். அங்கேயும் நிலையாக இருக்காது, குட்டிகளை வாயில் கவ்வி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். குகையில் உண்மையிலேயே கும்பலாக இருப்பது வௌவால். அமெரிக்காவில் டெக்சாஸில் உள்ள பிராக்கன் குகையில் கோடைக்காலத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் வௌவால்கள் தங்குகின்றன. அங்கே சிங்கத்துக்கு ஒண்ட இடம் கிடைக்காது.

தம்பி அசையவில்லை. அப்போதுதான் புறநானூற்று 86ஆம் பாட்டு ஞாபகத்துக்கு வந்தது. உன் மகன் எங்கே என்று கேட்டவரிடம் தாய் சொல்கிற பதில். காவற்பெண்டு பாடியது. தன் வயிற்றைக் காட்டி, இது 'புலி சேர்ந்து போகிய கல்லளை போல' என்கிறாள். புலி வந்து தங்கிவிட்டுப் போன கல்குகை. எத்தனையோ முறை படித்த வரி. வீரத்தைச் சொல்கிறது என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்த முறை என் கண் போனது 'சேர்ந்து போகிய'வில். புலி வாழும் குகை என்று அந்த அம்மா சொல்லவில்லை. வந்தது, தங்கியது, போய்விட்டது. பெரிய பூனைகளின் குடித்தனத்தை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. அளை யாருடையதும் இல்லை, தாய்வயிறு மாதிரி கொஞ்ச காலத்துக்குத்தான். அட்டைக்காரர்கள் இரண்டு வினைகளையும் கழற்றிவிட்டு 'புலி – குகை' என்று ஆக்கிவிட்டார்கள்.

கடைசியில் சிங்கத்தைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டு வௌவாலைப் போடுவதென்று சமாதானம் ஆனோம். தம்பிக்கு இன்னும் வருத்தம். அட்டைப்பெட்டியின் மேல் சிங்கம் படம் போட முடியாதே.

அதே கணக்குதான் பறவைக்கும். கூடு என்றதும் ராத்திரி பறவை அங்கே போய்ப் படுக்கும் என்று நினைக்கிறோம். பெரும்பாலான பறவைகள் முட்டைக்கும் குஞ்சுக்கும்தான் கூடு கட்டுகின்றன. குஞ்சு பறந்ததும் கூட்டின் வேலை முடிந்தது. கிளையில் உட்கார்ந்துதான் தூக்கம். கூடு என்பது வீட்டைவிடத் தொட்டிலுக்குத்தான் கிட்டத்தில் வருகிறது. சிலதுகளுக்குத் தொட்டில் ஆசை அதிகம். வெண்தலைக் கழுகுகள் பழைய கூட்டின் மேலேயே வருஷா வருஷம் சுள்ளி அடுக்கும். ஃபுளோரிடாவில் 1963இல் அளந்த ஒரு கூடு 6 மீட்டர் ஆழம், 2.9 மீட்டர் அகலம், எடை 2 டன்னுக்கு மேல். குயிலோ கூடே கட்டாமல் காக்கையின் கூட்டில் முட்டையை வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்துவிடும். பேரரசப் பெங்குவினுக்கு அதுவும் இல்லை. ஆண் பெங்குவின் இரண்டு மாதத்துக்கும் மேல் முட்டையைத் தன் பாதத்தின் மேல் தாங்கிக்கொண்டு பனிக்காற்றில் நிற்கும். பெங்குவின் அட்டைக்கு ஜோடியாக இரண்டு பாதங்களை மட்டும் வரைந்து அனுப்பினார் அண்ணன். எனக்கு ரொம்பப் பிடித்த அட்டை அது.

தூக்கணாங்குருவிக்கு மட்டும் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டார். பாதிக் கூடு வரையட்டுமா, முழுக் கூடா என்று கேட்டார். ஏன் என்றேன். பாதிக் கூடுதான் கதை என்றார். அவர் சொன்ன பிறகு தேடிப் பார்த்தேன், சரிதான். ஆண்குருவி புல்லைக் கீறிக் கொண்டுவந்து, முதலில் ஒரு வளையம், அப்புறம் கவிழ்த்த தலைக்கவசம் மாதிரி ஒரு குடுவை, அதுவரைக்கும்தான் கட்டும். பிறகு அதில் தொங்கிக்கொண்டு இறக்கையடித்துக் கூப்பிடும். பெண்குருவி வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் மேற்கொண்டு முட்டையறையும் நீள வாசலும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே அரைகுறையாகத் தொங்கும். காற்றில் ஆடுகிற கூடுகளைப் பார்த்து எத்தனை தடவை ரசித்திருப்பேன், அதில் பாதி நிராகரிக்கப்பட்ட மனு என்று யாருக்குத் தெரியும்.

பீவர் பற்றி ஒரு வரி. சுள்ளியும் சேறும் வைத்து, தண்ணீருக்கு அடியில் வாசல் விட்டு வீடு கட்டும். அந்த வாசல் மூழ்கியே இருக்க வேண்டும் என்பதற்காக ஆற்றையே அணை கட்டி நிறுத்தும். கனடாவின் ஆல்பர்ட்டா காட்டில் உள்ள ஓர் அணை முக்கால் கிலோமீட்டருக்கும் நீளம். 2007இல் செயற்கைக்கோள் படத்தில்தான் கண்ணில் பட்டது. தமிழில் அதன் வீட்டுக்குப் பெயர் கிடையாது, விலங்கே நமக்குப் பழக்கமில்லை. 'அணைவீடு' என்று எழுதினேன். தங்கும் விடுதிக்கு இது தேவலாம்.

இந்தக் கூத்துக்கு நடுவில் என் மேசைக்குப் பக்கத்திலேயே ஒருத்தி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். இணைய மோடத்தின் பின்னால் நாலு துளை உண்டு, ஒன்றில்தான் ஒயர். மூன்றாவது துளை மண்ணால் அடைத்திருந்தது. ஒரு குளவி. குண்டூசியால் கிளறினேன். வழவழப்பான மூடி, ஓரத்தில் அது அமுக்கின பல்தடம் வரைக்கும் தெரிந்தது. உள்ளே நெருக்கி அடுக்கின மாதிரி பச்சைப் புழுக்கள், ஐந்து. செத்தவை என்று நினைத்து ஒன்றைத் தொட்டேன், நெளிந்தது. குளவி புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்கும் என்பார்கள். நடப்பது வேறு. கொட்டினால் புழு சாகாது, நகர்ந்து போக முடியாமல் கிடக்கும், கெட்டும் போகாது. குளவியின் முட்டை பொரிந்து வருகிற குஞ்சு அதைத் தின்று வளரும். அப்போது இது வீடா, தொட்டிலா, சாப்பாட்டு அலமாரியா? புழுவைக் கேட்டால் வேறு பெயர் சொல்லும்.

கிளறினதற்கு வெட்கமாக இருந்தது. இரண்டு நாளில் பக்கத்துத் துளையை அடைத்துவிட்டாள். அதைத் தொடவில்லை.

கடைசியாக மிஞ்சினது முயல். தமிழில் முயல் என்று ஒரே சொல்தான், அதனால் இரண்டு பேரைக் குழப்பிக்கொள்கிறோம். வீட்டில் வளர்க்கிற வெள்ளை முயல் ஐரோப்பிய வகையின் வழி. அது வளை தோண்டும், குட்டிகள் கண் திறக்காமல் ரோமமில்லாமல் வளைக்குள் பிறக்கும். நம் காட்டுமுயல் வளை தோண்டாது. புல்லில் உடம்பை அழுத்திப் படுக்கும், எழுந்து போனால் ஒரு பள்ளம் இருக்கும், கொஞ்ச நேரத்தில் புல் நிமிர்ந்தால் அதுவும் இருக்காது. அதன் குட்டி கண் திறந்து ரோமத்தோடு பிறக்கும், பிறக்கிற இடம் வெட்டவெளி என்பதால். ஆங்கிலத்தில் ஃபார்ம் என்றது இந்தப் பள்ளத்தைத்தான். தமிழில் பெயருக்கு எவ்வளவு தேடியும் கிடைத்தது வினைதான்: பதுங்கும்.

அண்ணன் ஒரு அட்டை முழுக்கப் புல் வரைந்து அனுப்பினார். உற்றுப் பார்த்தால் நடுவில் ஓரிடத்தில் புல் லேசாகச் சாய்ந்திருக்கும். தம்பி உடனே கூப்பிட்டார்.

"அக்கா, இதுல வீட்டைக் காணோமே?"

"ஆமாம் தம்பி."

"அப்ப கீழே என்னன்னு அச்சடிக்க?"

"'பதுங்கும்'னு போடுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் எல்லா அட்டைக்கும் பின்பக்கம் வினைச்சொல் போடலாமா என்று அவரே கேட்டார். கட்டும், தோண்டும், பின்னும், குடிபுகும். தலைப்பில் இருந்த 'விலங்குகளின் வீடுகள்' என்பதை மாற்ற மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அட்டைகள் இப்போது அச்சில்.

இன்று காலை மோடத்தைத் துடைக்கும்போது பார்த்தேன். நாலாவது துளையின் மண்மூடியில் பென்சிலால் குத்தினது போல வட்டமாக ஓர் ஓட்டை. உள்ளே யாரும் இல்லை. விளிம்பில் கொஞ்சம் மண்துகள், அடியில் காய்ந்த புழுத்தோல் இரண்டு.